கும்பகோணத்துக் கணக்கும் யுரேனியத்தின் படிகளும்

யுரேனியம்-238 அணுக்கருவின் மீது மெதுவான நியூட்ரான்களை ஏவி, எந்த ஆற்றலில் வருபவற்றை அது விழுங்குகிறது என்று குறித்துக்கொண்டே போனால் வினோதமான பட்டியல் ஒன்று கிடைக்கிறது. 6.67 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு வரும் நியூட்ரானை அது ஆவலாகப் பிடித்துக்கொள்கிறது. 10 எலெக்ட்ரான் வோல்ட்டில் வருவதைக் கிட்டத்தட்டக் கண்டுகொள்வதில்லை. 20.9-ல் மறுபடியும் பசி எடுக்கிறது. பிறகு 36.7, பிறகு 66. இடையில் நுழைபவை பெரும்பாலும் தப்பிவிடுகின்றன.

இந்த எண்களை அளக்கும் முறையே ஓர் அழகு. ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வகத்தில் ஒரு நீண்ட குழாய் இருக்கிறது. ஒரு முனையில் ஈயக் கட்டியின் மீது புரோட்டான் கற்றை மோதும்போது எல்லா ஆற்றல்களிலும் நியூட்ரான்கள் தெறிக்கின்றன. சுமார் 185 மீட்டர் தள்ளி மறுமுனையில் ஆய்வுப் பொருள் காத்திருக்கிறது. எல்லாம் ஒரே கணத்தில் புறப்பட்டாலும், வேகமானவை முதலில் வந்து சேரும். 20.9 எலெக்ட்ரான் வோல்ட் நியூட்ரான் நொடிக்கு 63 கிலோமீட்டர் வேகத்தில் பறந்து, ஏறக்குறைய 3 மில்லி நொடியில் வந்துவிடும். 6.67 எலெக்ட்ரான் வோல்ட் நியூட்ரானுக்கு 5 மில்லி நொடிக்குச் சற்று அதிகமாகப் பிடிக்கும். கடிகாரத்தைப் பார்த்தே ஆற்றலைச் சொல்லிவிடலாம். நியூட்ரானைப் பிடித்த அணுக்கரு காமா கதிரை வெளியிடும். அந்தக் கதிர் வந்த நேரங்களை வரைபடமாக்கினால் ஊசி ஊசியாக முனைகள் எழும்பி நிற்கும். இவற்றுக்கு ஒத்ததிர்வுகள் என்று பெயர்.

ஒவ்வொரு ஊசியும் யுரேனியம்-239 அணுக்கருவின் ஓர் ஆற்றல் மட்டம். நியூட்ரான் உள்ளே நுழைந்ததும் அணுக்கரு அதைப் பிணைத்துக்கொள்வதால் 48 லட்சம் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் விடுபடுகிறது. புதிதாகப் பிறந்த யுரேனியம்-239 அவ்வளவு உயரத்தில், கொந்தளிப்போடு பிறக்கிறது. நியூட்ரான் கொண்டுவந்த 6 அல்லது 20 எலெக்ட்ரான் வோல்ட், அந்த உயரத்தில் ஒரு படியோடு சரியாகப் பொருந்துவதற்கான நுண்ணிய சரிக்கட்டல் மட்டுமே.

இங்கேதான் வியப்பு. அதே அணுக்கருவின் அடித்தளத்தில் படிகள் பல்லாயிரம் எலெக்ட்ரான் வோல்ட் இடைவெளியில் தாராளமாக நிற்கின்றன. 48 லட்சம் உயரத்திலோ, இந்த ஒத்ததிர்வுகளில் தெரியும் படிகளுக்கிடையே சராசரி இடைவெளி வெறும் 20 எலெக்ட்ரான் வோல்ட். அதுகூட எல்லாப் படிகளும் இல்லை. மெதுவான நியூட்ரான் நேராக உள்ளே நுழையும்போது ஒரு குறிப்பிட்ட தற்சுழற்சி கொண்ட மட்டங்களை மட்டுமே எட்ட முடியும். மற்ற தற்சுழற்சிகள் கொண்ட மட்டங்கள் இன்னும் பல மடங்கு, கண்ணுக்குப் படாமல் அதே இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன.

ஓர் ஆற்றல் அலகுக்குள் எத்தனை மட்டங்கள் என்பதே மட்ட அடர்த்தி. அணு உலையில் நியூட்ரான் எவ்வளவு வீணாகும், விண்மீன் மோதலில் எவ்வளவு தங்கம் விளையும், பிளந்த அணுக்கருவின் துண்டுகள் எப்படிச் சூடாறும் என்ற கேள்விகள் எல்லாம் இந்த எண்ணிடம்தான் வந்து நிற்கின்றன. பாடநூல்களில் ஒரு துணைப் பத்தியாக ஒதுங்கிக் கிடக்கும் இந்த எண்ணுக்கு இன்னும் பெரிய இடம் தர வேண்டும்.

ஒத்ததிர்வுகள் கூர்மையாகவும் நெருக்கமாகவும் இருப்பது 1930-களின் நடுவில் தெரியவந்தபோது இயற்பியலாளர்கள் திகைத்தார்கள். அதுவரை நியூட்ரானை, அணுக்கரு என்ற பள்ளத்தைக் கடந்து போகும் தனித் துகளாகவே கருதி வந்தார்கள். அப்படியானால் இவ்வளவு மட்டங்கள் வர வழியே இல்லை. 1936-ல் கோபன்ஹேகனில் நீல்ஸ் போர் அந்தப் படத்தைக் கிழித்துப் போட்டார். நுழைந்த நியூட்ரான் உள்ளே இருக்கும் நூற்றுக்கணக்கான துகள்களோடு மோதி, தன் ஆற்றலை எல்லோருக்கும் பங்கிட்டுவிடுகிறது. யார் கொண்டுவந்தது என்ற நினைவே இல்லாத கூட்டுக்கரு ஒன்று உருவாகிறது என்றார். அந்த மட்டங்கள் தனித் துகளுக்கு உரியவை அல்ல. கூட்டம் முழுவதற்கும் உரியவை.

அப்படியென்றால் அவற்றை எண்ணுவது எப்படி? அதே 1936-ல், ஜெர்மனியை விட்டு வெளியேறி அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு வந்திருந்த ஹான்ஸ் பேத்தே ஒரு விடை தந்தார். அவர் செய்தது துணிச்சலான காரியம். உள்ளே எல்லாம் எல்லாவற்றோடும் பலமாக மோதுகின்றன என்று போர் சொல்லிக்கொண்டிருக்கையில், பேத்தே அந்த மோதல்களையே கணக்கில் எடுக்கவில்லை. ஒன்றையொன்று தொடாத துகள்கள் கொண்ட வாயு என்று அணுக்கருவை எடுத்துக்கொண்டார். அதற்கு ஃபெர்மி வாயு என்று பெயர். ஒவ்வொரு துகளுக்கும் சொந்தமாகப் படிகள் உண்டு. ஒரு படியில் ஒரு துகள்தான் நிற்கலாம் என்பது பவுலி விதி. குளிர்ந்த அணுக்கருவில் துகள்கள் அடிப்படியிலிருந்து வரிசையாக நிறைந்திருக்கும். ஆற்றல் ஏற்றினால் சில துகள்கள் மேலே தாவும். எத்தனை விதமாகத் தாவ முடியும் என்று எண்ணினால் மட்ட அடர்த்தி வந்துவிடும்.

இந்த எண்ணிக்கையைச் சிறிய அளவில் செய்து பார்த்துவிடுவது நல்லது. படிகள் சம இடைவெளியில் இருப்பதாகக் கொள்வோம். ஏற்ற வேண்டிய ஆற்றல் 4 அலகு. உச்சியில் நிற்கும் துகளை 4 படி உயர்த்தலாம். அல்லது உச்சித் துகளை 3 படியும் அதற்கு அடுத்ததை 1 படியும் உயர்த்தலாம். மேலே உள்ள இரண்டையும் தலா 2 படி உயர்த்தலாம். முதல் துகளை 2 படி, அடுத்த இரண்டையும் தலா 1 படி உயர்த்தலாம். மேலே உள்ள நான்கையும் தலா 1 படி உயர்த்தலாம். ஆறாவது வழி கிடையாது. வேறு எப்படி முயன்றாலும், இந்த ஐந்தில் ஒன்றாகத்தான் வந்து முடியும்.

இப்போது துகள்களை மறந்துவிட்டு எண்களை மட்டும் பார்க்கலாம்: 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. நான்கு ரூபாயை முழு ரூபாய்ச் சில்லறையாக எத்தனை விதமாகப் பிரித்துத் தரலாம் என்ற கணக்கு இது. கணிதத்தில் இதற்குப் பிரிவினை என்று பெயர். 4-க்கு 5 பிரிவினைகள், 10-க்கு 42. 100-க்கு 19,05,69,292. எண் பத்து மடங்கு ஆனதும் விடை பல லட்சம் மடங்காகத் தாவிவிட்டது. அணுக்கருவின் மேல்தளத்தில் படிகள் நெருக்கியடிப்பது ஏன் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை. ஆற்றல் கூடக் கூட, அதைப் பங்குபோடும் வழிகள் பெருகுகின்றன. ஒவ்வொரு வழியும் ஒரு மட்டம்.

பெரிய எண்களுக்குப் பிரிவினைகளைத் தோராயமாகச் சொல்லும் சூத்திரத்தை 1918-ல் வெளியிட்டவர்கள் ஹார்டியும் சீனிவாச ராமானுஜனும். ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராக இருந்த ராமானுஜன் அப்போது கேம்பிரிட்ஜில் இருந்தார். அந்தச் சூத்திரத்தின் முதல் பகுதியை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் 10-க்கு 48 என்று வரும். சரியான விடை 42. 100-க்குப் பிழை 5 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். அதன் உயிர்நாடி, எண்ணின் வர்க்கமூலம் அடுக்கில் ஏறி உட்கார்ந்திருப்பதுதான். எண்ணின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப விடை அடுக்கடுக்காகப் பெருகுகிறது.

பேத்தேயின் சூத்திரத்திலும் ஆற்றலின் வர்க்கமூலமே அடுக்கில் இருக்கிறது. இது மேலோட்டமான ஒற்றுமை இல்லை. ஒரே வகைத் துகள்களும் சம இடைவெளிப் படிகளும் என்று வைத்துக்கொண்டு ஃபெர்மி வாயு முறையில் கணக்கைப் போட்டால், அடுக்கில் இருப்பதும் அதை வகுக்கும் எண்ணும் ஒரு புள்ளிகூடப் பிசகாமல் ஹார்டி-ராமானுஜன் சூத்திரமாகவே வந்து நிற்கும். பேத்தே வெப்ப இயக்கவியல் வழியாக நடந்து அதே வாசலுக்கு வந்திருந்தார். 1937-ல் போரும் அவருடைய இளம் சகா ஃபிரிட்ஸ் கால்க்கரும் எழுதிய கட்டுரையில் அணுக்கரு மட்டங்களைப் பிரிவினைக் கணக்காகவே பார்த்தார்கள். அதே ஆண்டு வான் லியரும் ஊலன்பெக்கும் இந்தத் தொடர்பை விரிவாக எழுதினார்கள். 1946-ல் டில்லியிலிருந்து அவுலக், கோத்தாரி இருவரும் பிரிவினைகளுக்கும் புள்ளியியல் இயற்பியலுக்கும் உள்ள உறவை ஆராய்ந்து வெளியிட்டார்கள். ராமானுஜன் 1920-ல் மறைந்துவிட்டார். நியூட்ரான் கண்டுபிடிக்கப்பட்டதே 1932-ல்தான். எண்களின் அழகுக்காகவே போட்ட ஒரு கணக்கு, அப்போது யாருக்கும் தெரியாதிருந்த ஒரு பொருளின் உள்ளமைப்பைச் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் ராமானுஜனைப் பற்றிப் பேசும் மேடைகளில் 1729 வாடகைக் கார் கதை தவறாமல் வரும். இந்தக் கதை வருவதே இல்லை. வர வேண்டும்.

உண்மையான அணுக்கருவில் புரோட்டானுக்கு ஒன்று, நியூட்ரானுக்கு ஒன்று என்று இரண்டு படி வரிசைகள் உண்டு. அதனால் அடுக்கின் முன்னால் நிற்கும் பெருக்கெண் மாறும். அடுக்கின் வடிவம் அப்படியே இருக்கும். அந்த அடுக்கில் ஆற்றலோடு இன்னொரு எண்ணும் பெருக்கப்பட்டிருக்கிறது: மட்ட அடர்த்திக் குணகம். துகள்களின் படிகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதை அது சொல்கிறது. அளவீடுகளோடு பொருத்திப் பார்த்தால், அணுக்கருவின் நிறை எண்ணை எட்டால் வகுத்தால் வரும் எண்ணை ஒட்டி அது அமைகிறது. யுரேனியம்-239-க்கு ஏறத்தாழ 30.

இந்த ஒரே எண்ணில் எவ்வளவு அபாயம் இருக்கிறது என்பதைக் கணக்கே காட்டும். ஆற்றலைப் பத்து லட்சம் எலெக்ட்ரான் வோல்ட் அலகில் எடுத்து, 30-ஐயும் 4.8-ஐயும் பெருக்கினால் 144. வர்க்கமூலம் 12. அதை இரட்டித்தால் 24. அடுக்கில் நிற்பது இந்த 24-தான். குணகத்தை 30-லிருந்து 33 ஆக்கினால் அடுக்கு 25-ஐத் தாண்டும். அடுக்கில் ஒன்றுக்குச் சற்று மேல் கூடியதில், மட்டங்களின் எண்ணிக்கை மூன்று மடங்குக்கு மேல் பெருகிவிடும். பத்து சதவீதப் பிசகு, மூன்று மடங்குத் தவறாக வெளியே வருகிறது. எண்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் துறையில் நடந்த உழைப்பில் பெரும்பகுதி இந்த ஒரு குணகத்தை அடக்கி ஆள்வதற்கானது.

மட்டங்களின் எண்ணிக்கை தெரிந்தால் அணுக்கருவின் வெப்பநிலையையும் சொல்லலாம். போல்ட்ஸ்மன் காட்டிய வழியில், எண்ணிக்கையின் மடக்கையே என்ட்ரபி. அது ஆற்றலோடு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதிலிருந்து வெப்பநிலை வருகிறது. நியூட்ரானைப் பிடித்த கணத்தில் யுரேனியம்-239 சுமார் 450 கோடி கெல்வின் சூட்டில் இருக்கிறது. 239 துகள்கள் மட்டுமே கொண்ட ஒரு பொருளுக்கு வெப்பநிலை என்ற சொல் பொருந்துகிறது என்பதே இயற்பியலின் பெரிய ஆச்சரியங்களில் ஒன்று.

ஆனால் அணுக்கரு வெறும் வாயு இல்லை. ஈயம்-208-ஐ எடுத்துக்கொண்டால் அது உடனே தெரியும். 82 புரோட்டான், 126 நியூட்ரான். இரண்டும் மாய எண்கள். கூடுகள் எனப்படும் படிக் கூட்டங்கள் முழுமையாக நிறைந்திருப்பதால் உச்சித் துகளுக்கு மேலே பெரிய இடைவெளி இருக்கிறது. முதல் கிளர்ச்சி மட்டமே 26 லட்சம் எலெக்ட்ரான் வோல்ட் உயரத்தில் இருக்கிறது. ஈயம்-207 ஒரு நியூட்ரானைப் பிடித்து ஈயம்-208 ஆகும்போது ஏறும் உயரம் 74 லட்சம், யுரேனியத்தைவிட அதிகம். அப்படியிருந்தும் அங்கே ஒத்ததிர்வுகளின் இடைவெளி பல்லாயிரம் எலெக்ட்ரான் வோல்ட். யுரேனியத்தின் 20-க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். எட்டால் வகுக்கும் விதி இங்கே தலைகுப்புற விழுகிறது.

இதைச் சரிசெய்வதில் இந்தியப் பங்கு முக்கியமானது. மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் வி.எஸ். இராமமூர்த்தி, எஸ்.எஸ். கபூர், எஸ்.கே. கட்டாரியா மூவரும் 1970-ல் வெளியிட்ட ஆய்வு, கூடுகளின் விளைவு ஆற்றல் ஏற ஏறக் கரைந்துவிடுகிறது என்று காட்டியது. அணுக்கரு குளிர்ந்திருக்கும்போது உச்சிக்கு அருகிலுள்ள இடைவெளி பெரிய தடை. சூடேறினால் துகள்கள் பல படிகளில் பரவிவிடும். ஒரு இடைவெளி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? கூட்டின் முத்திரை மங்கிப்போகிறது. சோவியத் நாட்டின் ஓப்னின்ஸ்க் நகரில் இக்னாத்யுக்கும் சகாக்களும் 1975-ல் இதே கருத்தை எளிய சூத்திரமாக்கினார்கள்: குணகம் மாறாத எண் இல்லை, ஆற்றலோடு சேர்ந்து மாறும். இன்று உலகெங்கும் அணு உலைக் கணக்குகளில் ஓடும் மென்பொருள்களில் இந்தச் சூத்திரம் இருக்கிறது.

அடித்தளத்தில் வேறொரு சிக்கல். அங்கே துகள்கள் ஜோடி ஜோடியாகப் பிணைந்திருக்கின்றன. ஒரு ஜோடியைப் பிரிக்கவே கணிசமான ஆற்றல் செலவாகும் என்பதால், வாயுக் கணக்கைத் தொடங்குவதற்கு முன் அதைக் கழித்துவிட வேண்டும். அதையும் மீறி, தாழ்ந்த ஆற்றலில் மட்டங்களின் எண்ணிக்கை வர்க்கமூல அடுக்காக ஏறுவதில்லை. நேரான அடுக்காக ஏறுகிறது. வெப்பநிலை மாறாமல் இருப்பதைப் போன்ற நிலை அது. ஐஸ் உருகும்போது சூடு கொடுத்தாலும் வெப்பநிலை ஏறாதது போல, இங்கே தரும் ஆற்றல் ஜோடிகளை உடைப்பதற்கே போய்விடுகிறது. 1965-ல் கில்பர்ட், கேமரன் இருவரும் கீழே ஒரு சூத்திரம், மேலே பேத்தேயின் சூத்திரம் என்று வைத்து, இரண்டையும் ஓரிடத்தில் வழுவழுப்பாக ஒட்டிவிட்டார்கள். ஒட்டுப்போட்ட துணி என்று யாரும் அதைத் தள்ளிவிடவில்லை. இன்றும் அதிகம் பயன்படுபவற்றில் அதுவும் ஒன்று.

அணுக்கருவின் உருவமும் கணக்கில் புகுந்தது. யுரேனியம் உருண்டை இல்லை; நீள்வட்ட வடிவில் நீண்டிருக்கிறது. நீண்ட பொருள் முழுதாகச் சுழல முடியும். ஒவ்வொரு உள் அமைப்பின் மேலும் சுழற்சி மட்டங்களின் வரிசை ஒன்று கட்டப்படும். இதனால் எண்ணிக்கை பல மடங்கு பெருகும் என்று பியோர்ன்ஹோம், ஆகே போர், மோட்டல்சன் மூவரும் 1970-களில் சொன்னார்கள். அணுக்கரு மிகவும் சூடானால் உருவம் உருண்டையாகி, இந்தப் பெருக்கம் மறைந்துவிட வேண்டும். எந்த ஆற்றலில் மறைகிறது என்பது நீண்ட விவாதம். கொல்கத்தாவின் மாறு ஆற்றல் சைக்ளோட்ரான் மையத்தில் ஆல்ஃபா கற்றையைக் கனமான அணுக்கருக்களில் மோதவிட்டு, சூடான அணுக்கருவிலிருந்து ஆவியாகும் நியூட்ரான்களை அளந்தவர்கள் 2017-ல் அந்த மறைவுக்கு நேரடிச் சான்று கிடைத்ததாக வெளியிட்டார்கள்.

சூத்திரம் தருவது சராசரியை. 20 எலெக்ட்ரான் வோல்ட் சராசரி என்றால், அடுத்தடுத்த இரு மட்டங்கள் ஒட்டிக்கொண்டிருக்கலாமே? அப்படி இருப்பது அரிது. 1950-களில் யூஜின் விக்னர், சமவாய்ப்பு எண்களால் நிரப்பிய அணிகளின் தீர்வுகளைப் போல இந்த மட்டங்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும் என்று ஊகித்தார். 1982-ல் ஹக், பாண்டே, போஹிகாஸ் மூவரும் பல அணுக்கருக்களிலிருந்து திரட்டிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒத்ததிர்வு ஆற்றல்களை ஒன்றாக வைத்துச் சோதித்தபோது விக்னரின் ஊகம் வியக்கத்தக்கவாறு பொருந்தியது.

துகள்களுக்கிடையே உள்ள விசைகளை ஒதுக்காமல், முழுதாகச் சேர்த்துக்கொண்டே எண்ண முடியாதா? முடியும்; விலை அதிகம். டிஸ்புரோசியம்-162 போன்ற கனமான அணுக்கருவுக்குக் கூடு மாதிரியில் முறைப்படி எழுத வேண்டிய நிலைகளின் எண்ணிக்கை 1-க்குப் பின்னால் 29 சுழியங்கள் போட்ட அளவுக்குப் போய்விடுகிறது. எந்தக் கணினியாலும் அந்த அணியை எழுதி வைக்கவே முடியாது. யேல் பல்கலைக்கழகத்தின் யோரம் அல்ஹாசித்தும் அவரைச் சேர்ந்தவர்களும் 1990-களிலிருந்து வேறு வழியில் போகிறார்கள். மட்டங்களை ஒவ்வொன்றாகத் தேடாமல், மான்டே கார்லோ முறையில் மாதிரி எடுத்து, சராசரி ஆற்றல் வெப்பநிலையோடு எப்படி மாறுகிறது என்று கணக்கிட்டு, அதிலிருந்து எண்ணிக்கையை மீட்கிறார்கள். பேத்தே நடந்த அதே வெப்ப இயக்கவியல் வழி. ஆனால் இம்முறை விசைகள் உள்ளே இருக்கின்றன.

இந்தக் கணக்குகள் சரிதானா என்று பார்க்க ஒத்ததிர்வுகள் மட்டும் போதாது. அவை ஒரே ஒரு உயரத்தைத்தான் காட்டும். அடித்தளத்துக்கும் அந்த உயரத்துக்கும் இடையே என்ன நடக்கிறது என்பதைக் காட்டியவர்கள் ஓஸ்லோ பல்கலைக்கழகத்தின் சைக்ளோட்ரான் குழுவினர். ஒரு துகளால் அணுக்கருவைத் தட்டி எழுப்பி, அது காமா கதிர்களாக இறங்கி வருவதை அவர்கள் பதிவு செய்கிறார்கள். முதலில் வரும் காமா கதிர் எந்த ஆற்றலில் வரும் என்பது, இறங்கி நிற்க எத்தனை மட்டங்கள் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. அந்தக் கதிர்களின் பங்கீட்டிலிருந்து மட்ட அடர்த்தியைப் பிரித்தெடுப்பதே ஓஸ்லோ முறை. அரிய மண் தனிமங்களில் அவர்கள் வரைந்த கோடு சீராக ஏறவில்லை. இடையிடையே படி வைத்து ஏறியது. ஜோடிகள் ஒவ்வொன்றாக உடையும் இடங்கள் அவை.

கல்பாக்கத்துக்கு இதில் நேரடி அக்கறை உண்டு. அங்கே 1985 முதல் இயங்கும் வேக ஈனுலையில் நியூட்ரான்கள் மெதுவாக்கப்படுவதில்லை. யுரேனியம்-238-ன் ஒத்ததிர்வுகளைத் தனித்தனியாகப் பிரித்தறிய முடிவது சுமார் 20 ஆயிரம் எலெக்ட்ரான் வோல்ட் வரைதான். அதற்கு மேலே ஊசிகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கலங்கிவிடும். வேக உலை நியூட்ரான்களில் பெரும்பங்கு அந்தக் கலங்கல் பகுதியில்தான் வாழ்கிறது. எரிபொருள் சூடேறும்போது எவ்வளவு கூடுதலாக நியூட்ரான் விழுங்கப்படும் என்பது உலையின் பாதுகாப்புக் கணக்கு. அங்கே ஒவ்வொரு ஒத்ததிர்வையும் பட்டியலிட்டு வேலை செய்ய முடியாது. சராசரி இடைவெளிதான் கைகொடுக்கும். மணவாளக்குறிச்சி மணலில் கிடைக்கும் தோரியத்தை எரிபொருளாக மாற்றுவதும் இதே போன்ற நியூட்ரான் பிடிப்புதான்.

விண்மீன்களின் கணக்கு இன்னும் கடினம். 2017 ஆகஸ்ட் 17-ல் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய ஈர்ப்பலை பூமியை எட்டியது. அடுத்து வந்த ஒளியில், கனமான தனிமங்கள் அங்கே சமைந்ததன் அடையாளம் இருந்தது. அந்தச் சமையலில் பங்கேற்கும் அணுக்கருக்களில் பெரும்பாலானவை நொடிப்பொழுதில் சிதைந்துவிடுபவை. அவற்றைக் குறியாக வைத்து நியூட்ரானை ஏவ வழியில்லை. தெரிந்த அணுக்கருக்களில் சரிபார்த்த மாதிரிகளைத் தெரியாத பகுதிக்கு நீட்டித்தான் கணக்குப் போடுகிறார்கள். தெரிந்த இடத்தில் ஒத்துப்போகும் இரண்டு மாதிரிகள், தெரியாத இடத்தில் பத்து மடங்கும் அதற்கு மேலும் விலகுவது சாதாரணம்.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் 2014-ல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஓஸ்லோ முறையைப் புதிய வழியில் பயன்படுத்தினார்கள். கேலியம்-76 பீட்டா சிதைவுக்கு ஆளாகி ஜெர்மேனியம்-76 ஆகும்போது, அந்த ஜெர்மேனியம் கிளர்ச்சி நிலையில் பிறக்கிறது. அது வெளியிடும் காமா கதிர்களைச் சுற்றிலும் சூழ்ந்த ஒரு பெரிய கருவியில் பிடித்து, மட்ட அடர்த்தியைக் கணக்கிட்டார்கள். அதிலிருந்து, குறியாக வைத்து அளக்க முடியாத ஜெர்மேனியம்-75 ஒரு நியூட்ரானை எவ்வளவு எளிதாகப் பிடிக்கும் என்பது தெரியவந்தது. ஜெர்மேனியம் இன்னும் கரையோரம்தான். அதே வளாகத்தில் 2022-ல் இயங்கத் தொடங்கிய அரிய ஐசோடோப் கற்றை ஆய்வகம், நியூட்ரான் மிகுந்த ஆழப் பகுதியிலிருந்து அணுக்கருக்களைக் கொண்டுவருகிறது. சில அணுக்கருக்கள் நொடிக்கு ஒன்றிரண்டு வந்தாலே பீட்டா சிதைவு வழி அளவீட்டைத் தொடங்கிவிடலாம்.